பத்தொன்பது வருட ரிப்பேர்

"அடுப்புக்குள்ள என்ன இருக்கு?" ரொட்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள் ஓபல்.

"ரிவால்வர். சோப்புத் தண்ணில கழுவியிருக்கேன். பத்து நிமிஷம் காயட்டும்" என்றார் அவள் கணவர் ஹார்லன்.

"ரொட்டி வைக்கணும்."

"பக்கத்துலயே வை. அது ஒண்ணும் கடிக்காது."

"போன வாரம் வச்ச ரொட்டில கந்தக நாத்தம்."

"அந்த வாரம்தான் ரொட்டில ஏதோ ருசின்னு இருந்துச்சு."

ஓபல் முறைத்தாள். ஹார்லன் மேசையில், குண்டைக் கிளப்பும் சின்ன வெடிக் கேப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் பாரு. ஆறும் வெடிக்கும்."

"பத்தொம்போது வருஷமா இதையேதான் சொல்றே."

மிசௌரியில் அந்த வட்டாரத்துக் கருமருந்துத் துப்பாக்கிகள் எல்லாம் பழுதென்றால் ஹார்லனிடம்தான் வரும். அவருடைய சொந்தத் துப்பாக்கிக்கு மட்டும் துப்பாக்கி சுடுவோர் சங்கத்தில் 'ஊமை' என்று பெயர். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பின்னால் ஆறும் வெடிக்கும். சனிக்கிழமை போட்டி மைதானத்தில் ஒன்றுகூட வெடிக்காது. மற்றவர்கள் கூடாரம் போட்டு ஞாயிறு மாலை வரை சுட்டுக்கொண்டிருக்க, ஹார்லன் மத்தியானச் சாப்பாட்டுக்கே வீடு திரும்பிவிடுவார். அப்புறம் வாரம் முழுக்கச் சமையலறை மேசையில், ஓபலுக்கு எதிரே உட்கார்ந்து ரிப்பேர்.

மறுநாள் காலை சவரம் செய்யப் போனவர் கண்ணாடி முன்னாலேயே சரிந்துவிட்டார்.

சங்கத்து வழக்கப்படி, இறந்தவரின் துப்பாக்கியாலேயே குழிக்கு மேல் ஆறு முறை சுட வேண்டும். அன்றே சங்கத்து நண்பர் டெல்மர் வந்து ரிவால்வரைச் சரிபார்க்க எடுத்துப் போனார். மறுநாள் காலையில் ஓபல் அவருடைய பட்டறைக்கே போய் நின்றாள்.

"வெடிக்குமாப்பா?"

"ஏன்க்கா இவ்வளவு பதட்டம்?"

"இத்தனை வருஷம் சிரிச்சாங்க. மண்ணு போடுறப்பவும் சிரிக்கக் கூடாது."

டெல்மர் துப்பாக்கியைத் திருப்பி, கைப்பிடியின் முன்பக்கத்தில் இருந்த சின்னத் திருகைக் காட்டினார்.

"இது அரைச் சுத்து லூசா இருந்துச்சு. உள்ள ஸ்பிரிங்கு தளர்ந்துபோச்சு, துப்பாக்கிச் சுத்தியல் கேப்பைச் சும்மா தட்டுது, ஓங்கி அடிக்கலை. இறுக்கிட்டேன். அவ்வளவுதான் ரிப்பேர்."

"அவ்வளவுதானா?"

"கேப்பு வெடிக்கலைன்னா எல்லாரும் முதல்ல பாக்குறதே இந்தத் திருகைத்தான். இது ஹார்லன் கண்ணுல படலைன்னா என்னால நம்ப முடியலக்கா."

ஓபல் தரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் புரியல. மரை தேய்ஞ்சிருக்கறதைப் பார்த்தா, இதை ஆயிரம் தடவை திருகியிருக்காங்க. கண்டதை வச்சுத் திருகினா தலைப் பள்ளம் கடிபட்டிருக்கும். இதுல ஒரு கீறல் இல்லை. இதுக்குன்னே அளவா தீட்டின முனை வேணும். ஹார்லன்கிட்ட அப்படி ஏதாவது திருப்புளி இருக்கா?"

"தெரியாதுப்பா."

திங்கட்கிழமை ஆறும் வெடித்தன. பாதிரியாரின் தொப்பி குழிக்குள் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த ஓபல் கறுப்புத் துணியைக்கூட மாற்றாமல் சமையலறை இழுப்பறையைத் திறந்தாள். வெண்ணெய் தடவும் கத்திகளில் ஒன்றை எடுத்தாள். சனிக்கிழமைதோறும் ஹார்லன் சவரம் செய்யும்போது, அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று, அந்தத் திருகை அவள் அரைச் சுற்றுத் தளர்த்தியது அதை வைத்துத்தான். இழுப்பறையில் இருந்த ஆறு கத்திகளில் அது ஒன்றுதான் எப்போதும் வாகாகப் பொருந்தும்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நுனியைப் பார்த்தாள். எண்ணெய்க் கல்லில் நிதானமாகத் தீட்டி, அந்தத் திருகின் பள்ளத்துக்கென்றே மெலிதாக்கி, ஓரங்களை நேராக்கியிருந்தது. ஹார்லனைத் தவிர வேறு யார் கைவேலையும் அப்படி இருக்காது.

மற்ற ஐந்து கத்திகளின் நுனிகளும் கடையில் வாங்கியபடியே வட்டமாக இருந்தன.