பெரியப்பாதான் நடத்தி வைக்கணும்

"நம்ம கல்யாணத்தை நடத்தி வைக்க எங்க ஹெட்மாஸ்டரைக் கூப்பிடலாம். கணீர்னு பேசுவார்," என்றார் கணக்கு வாத்தியார்.

"எங்க பெரியப்பாதான் நடத்தி வைக்கணும்," என்றாள் மணப்பெண்.

"மைக்கைப் பார்த்தாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கும்னு நீதானே சொன்னே?"

"ஒட்டிக்கட்டும். அவர்தான்."

பிடித்த பிடியை அவள் விடவில்லை. இருவரும் நேரில் போய்க் கேட்டார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார்.

படியிறங்கும்போது வாத்தியாரும் கைக்குட்டையை எடுத்தார்.

"அவர் மேல உனக்கு இவ்வளவு பாசமா?"

"அக்கா கல்யாணத்துல முன்வரிசையில நாற்காலி போடலைன்னு கோவிச்சுக்கிட்டுப் பாதியில எழுந்து போனார். அண்ணன் கல்யாணத்துல போட்டோவுக்குக் கூப்பிடலைன்னு போனார். பின்னாடியே பாதிச் சொந்தமும் போயிடுச்சு. நடத்தி வைக்கிறவர் எப்படிங்க எழுந்து போவார்?"

வாத்தியார் சற்று யோசித்தார்.

"அப்ப வரவேற்புரைக்கு எங்க அத்தையைப் போட்டுடலாம்," என்றார்.