ஸ்டேப்ளர் அடித்த பக்கங்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள அந்தப் பெண்கள் பாடசாலைக்குப் பதினோராம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகங்கள் வந்து இறங்கியிருந்தன. அதிபர் ஒரு ஸ்டேப்ளரை மேசையில் வைத்தார்.

“சுபோதினி டீச்சர், இனப்பெருக்கப் பாடத்தின்ர பக்கங்களைச் சேர்த்து அடிச்சுப்போட்டுப் பிள்ளையளுக்குக் குடும். வருஷா வருஷம் அப்பிடித்தான் செய்யிறனாங்கள்.”

“சோதினைக்கு வாற பாடம், மிஸ்.”

“அந்தக் கேள்வியை விட்டிட்டு மற்றதை எழுதட்டும். ஒழுக்கமா இருங்கோ எண்டு நீர் சொன்னாக் காணும்.”

“காணாது மிஸ். எப்பிடி நடக்கும், எப்பிடித் தவிர்க்கலாம், ஏதும் நடந்தால் ஆரிட்டப் போய்ச் சொல்லலாம், எல்லாம் படிப்பிக்க வேணும்.”

அதிபருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீர் இன்னும் கலியாணமே கட்டேல்லை. உமக்கொரு பொம்பிளைப் பிள்ளை இருந்தாத் தெரியும், தாய்மாரின்ர பயம்.”

சுபோதினி ஒரு புத்தகத்தை எடுத்து மெல்லத் தடவினாள்.

“இருக்கிறா மிஸ். வாற மாசம் அவவுக்குப் பதினாறு.”

அதிபர் கதிரையில் அமர்ந்துவிட்டார். “எங்க இருக்கிறா?”

“தெரியாது. அவ பிறக்கேக்க எனக்கும் பதினாறு. என்ர புத்தகத்திலையும் இந்தப் பக்கங்களுக்கு ஸ்டேப்ளர் அடிச்சிருந்தது. பிறந்த அண்டைக்கே எங்கட வீட்டாக்கள் பிள்ளையை ஆருக்கோ குடுத்திட்டினம். என்ன பேர் வச்சவை எண்டும் எனக்குத் தெரியாது. கொழும்பிலதான் வளருறா எண்டு மட்டும் கேள்விப்பட்டனான்.”

அவள் ஸ்டேப்ளரை அதிபரின் பக்கம் தள்ளி வைத்தாள்.

“இந்த நூற்றி இருபது புத்தகத்தில ஒண்டு அவவின்ர கைக்கும் போகலாம் மிஸ். அது எது எண்டு தெரியாதபடியால், நான் ஒண்டுக்கும் அடிக்க மாட்டன்.”