நிழலின் எடை

வயதை மீறிய அறிவுள்ள மீத்திறன் பிள்ளைகளை வழிநடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கும் அறை இது. திரைச்சீலை வழியே வடிந்த மாலை வெயில் தரையெங்கும் பரவியிருக்கிறது. மின்விசிறி தூக்கத்தில் பேசுவதுபோல் முனகுகிறது. கடைசி நாள் என்பதால் வீட்டாரையும் அழைத்திருக்கிறார்கள். பின்வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறேன். மாதிரி வகுப்பு எடுக்க, கரும்பலகை அருகே என் மகள் நிற்கிறாள். மாணவனாக நடிக்க வேண்டிய கணக்கு ஆசிரியர் சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க அமர்கிறார். “என்னடா தம்பி, பத்து வயசுலயே வழுக்கையா?” என்று யாரோ சீண்ட, அறையே சிரிக்கிறது. அவர் சிரிக்காமல் கை தூக்குகிறார். “டீச்சர், நிழலுக்கு எடை இருக்கா?” சாக்பீஸ் மகளின் விரல்களில் மெல்லச் சுழல்கிறது. மூன்று தலைமுறையாக ஆசிரியர் வீடு எங்களுடையது. வகுப்பில் பதிலின்றி நின்றவர் எங்களில் கிடையாது. என் காது சுடுகிறது. “சொல்லும்மா,” என்று முணுமுணுக்கிறேன். பக்கத்திலிருக்கும் பயிற்றுநர் என் பக்கம் குனிகிறார். “பொறுங்க ஐயா. பதிலைச் சொல்லிட்டா உங்க பொண்ணு தோத்துடுவாங்க. பிள்ளையே தேடணும்.” மகள் அந்த நாற்காலியின் எதிரே மண்டியிடுகிறாள். “எனக்குத் தெரியலடா கண்ணா. எப்படிக் கண்டுபிடிக்கலாம், சொல்லு?” ‘தெரியல’ — எங்கள் வீட்டார் எவரும் வகுப்பில் சொல்லாத சொல் அது. கணக்கு ஆசிரியர் நடிப்பை மறந்து, வாய் பிளந்து, கூரையைப் பார்க்கிறார். எனக்கு முன்னால் மேசைமேல் என் கையின் நிழல் கிடக்கிறது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, அதை மெல்லத் தூக்கிப் பார்க்கிறேன்.