நர்ஸ் ஊருக்குப் போகிறாள்

மலைக்குப் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் ஊர் நாய்கள் எல்லாம் சேர்ந்து ஊளையிடத் தொடங்குகின்றன. பனிமேல் சாய்ந்து விழும் வெயில் மஞ்சளாக இருக்கிறது; அதில் சூடு இல்லை. இந்தக் கிரீன்லாந்துக் கிராமத்தில் பல வருடம் நர்ஸாக இருந்த கிர்ஸ்டன், தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள டென்மார்க்குக்கே திரும்பிப் போகிறாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லிக் கூடவே இருந்த பானிங்குவாக், காய்ந்த மீன் பொட்டலத்தை அவளிடம் நீட்டுகிறாள். "பெட்டிக்குள்ள வைக்காத. துணியெல்லாம் நாறிப்போச்சுன்னா உங்கம்மா உன்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க." கிர்ஸ்டன் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைக்கிறாள். பிறகு ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். பானிங்குவாக் முந்திக்கொள்கிறாள். "போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லிடாத. உனக்கு முன்னாடி இருந்த நர்ஸுங்க எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. ஒருத்தியும் வரல." ஹெலிகாப்டர் தரையிறங்குகிறது, அதன் காற்று பனித்தூளை வாரி இருவர் முகத்திலும் இறைக்கிறது. கிர்ஸ்டன் மெல்லத் தலையாட்டுகிறாள். "சரி. போறேன்." விமானி கையசைத்துக் கூப்பிடுகிறான். பானிங்குவாக் கையுறையைக் கழற்றி, வெறும் விரல்களால் கிர்ஸ்டனின் கோட்டுக் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். குளிரில் விரல்கள் சிவக்கின்றன. "வேணாம்டி," என்கிறாள். "அதையே சொல்லிட்டுப் போ."