நிற்கத் தெரியாத மோட்டார் சைக்கிள்

“நோரா!” என்று கத்திக்கொண்டே ஓஸ்வால்ட் அவள் வீட்டு கேட்டைத் தாண்டிப் பறந்தான். பட்டாளத்தில் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள்.

நீலசந்திராப் பேட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “அந்தக் கோலார்காரன்!”

இன்னொரு சுற்று. “வேணாம்!”

கேட்டுக்கு உள்ளே நோரா, வெளியே நான். அடுத்த வார்த்தைக்குத் தெருவே காத்திருந்தது. பக்கத்து வீட்டுச் சரசு, உள்ளே உலை வற்றிப் பானை வெடித்த சத்தம் கேட்டும் அசையவில்லை.

“நின்னு பேசினா என்னவாம்?” என்று சரசுவைக் கேட்டேன்.

“நின்னா வண்டி அணைஞ்சுடும்ணா. போன வாரம் நோராதான் சர்ச் வரைக்கும் தள்ளிவிட்டா. அந்த வெக்கத்துல நிறுத்தறதே இல்ல. சாயங்காலம் கோலார் மாப்பிள்ளை பொண்ணு பாக்க வர்றான். அதுக்குள்ள சொல்லியாகணுமே, பாவம்!”

நான் எஞ்சினோடு பிழைக்கிறவன். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. கார்புரேட்டரில் பெட்ரோலுக்கு இரண்டு வழி. வேகத்துக்குப் பெரிய துவாரம். ஆக்சிலேட்டரை விட்டால் அது சும்மா இருக்கும். அப்போது, எறும்பு மீசைகூட நுழையாத ஸ்லோ ஜெட் என்ற குட்டித் துவாரம்தான் எஞ்சினுக்கு உயிர்ப்பிச்சை போடும். அதில் தூசி அடைத்தால், நின்ற இடத்தில் மூச்சும் நிற்கும்.

தெருமுனையில் மறித்தேன். வண்டி அணைந்தது. ஜெட்டைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். பறந்த தூசியில், எதிரே நின்ற ஜட்கா குதிரை தும்மித் தும்மி லாடத்தைக் கழற்றிவிட்டது.

இப்போது வண்டி நோராவின் எதிரில் நின்று, டுப் டுப்பென்று சாதுவாக ஓடியது.

ஓஸ்வால்ட் வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

மூடினான். வியர்த்தான்.

நோரா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “வண்டியில இருந்த அடைப்பை எடுத்து உனக்கு வெச்சுட்டாங்களா? போ, இன்னொரு சுத்து சுத்திட்டு வா.”

போனான். ஐம்பது மைல் வேகத்தில் வந்தான்.

“கட்டிக்கறியா?”

“சரி!” என்று அவள் போட்ட சத்தம் அல்சூர் ஏரியில் அலையடித்திருக்கும். அடுத்த தெருவிலிருந்து ஓஸ்வால்டின் ஹாரன் விடாமல் அலறியது.

சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸிலேயே நான் வந்தது நல்லதாயிற்று. உள்ளே போய், நோராவின் அம்மா மாப்பிள்ளைக்கென்று சுட்டு வைத்திருந்த அச்சுமுறுக்கு ஒன்றுவிடாமல் தின்றுவிட்டுக் கோலாருக்குத் திரும்பினேன்.

எனக்காகச் சுட்டது. வீணாக்கலாமா?