துணைக்கு ஓர் ஊசி

“கீறல்தானே? அதுக்கு இப்படியா ஊரைக் கூட்டுவே?”

நாத்தனாருக்கு எரிச்சல் வந்ததில் தப்பில்லை. காலையில் பட்டறைக்குள் நுழைந்த தெரு நாய்க்குட்டி, தம்பியின் கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்திருந்தது. அவன் ஒரு பிடி மரத்தூளை வைத்து அழுத்திவிட்டு, மறுபடி இழைப்புளியைக் கையில் எடுத்துவிட்டான். தச்சர்களில் சிலருக்கு எந்தக் காயத்துக்கும் அதுதான் மருந்து.

அவன் மனைவியோ கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுகிறாள்.

“அந்தக் குட்டி என்னையும் கடிச்சிடுச்சுங்க. இப்பப் போய்ப் பார்த்தா அது செத்துக் கிடக்கு. பயமா இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“பால்குடி மறக்காத குட்டிடி. எனக்கே வேண்டாம்னு சொல்லிட்டேன், உனக்கு எதுக்கு? நாளைக்குக் கதவு மாட்டணும், வேலை கெட்டுடும்” என்றான் அவன்.

“நான் செத்துப்போனாப் பரவாயில்லையா?”

அந்த வார்த்தை அவனைச் சுட்டது. சைக்கிளை எடுத்தான்.

“நல்லா ஆட்டி வைக்கிறா” என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் அவன் விரலைத்தான் பார்த்தாள். முகம் மாறியது.

“இது என்ன, மரத்தூளா? காயத்துல கண்டதையும் வைப்பாங்களா?”

குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவ வைத்தாள்.

“சின்னக் குட்டிதான் சிஸ்டர்...”

“குட்டிக்கும் வெறிநோய் வரும். உங்களுக்கு அந்த நோய் வந்துட்டா அப்புறம் எங்க கையில ஒண்ணுமில்ல. அதுக்கு முன்னாடி போடுற ஊசிதான் உயிரைக் காப்பாத்தும். ஒண்ணு போட்டுட்டு நின்னுடவும் கூடாது.”

தச்சன் மனைவியை முன்னால் நகர்த்தினான். “அப்ப முதல்ல இவளுக்குப் போடுங்க.”

“நீங்க போட்டுக்கிட்டாத்தான் நான் போட்டுக்குவேன்” என்றாள் மனைவி.

அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று சட்டையைக் கழற்றினான். காயத்தைச் சுற்றி ஊசி, தோளிலும் ஊசி. கண்ணில் நீர் முட்டியது. “வலிக்கவே இல்லடி” என்று சிரித்துக் காட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான்.

“காலைக் காட்டும்மா” என்றாள் நர்ஸ்.

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு துணியை அவிழ்த்தாள். கணுக்காலில் ஒரு கீறல்கூட இல்லை.

“தனக்குன்னா அவர் வரமாட்டார் சிஸ்டர். எல்லா ஊசியும் போட்டு முடிக்கிற வரைக்கும் என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்க.”