ஏத்திக் கட்டின சுருதி

“உனக்கு இது ஒத்து வராது எல்லப்பா. ஆம்பளைக் குரலுக்குப் பெருசுதான் சரி,” என்றார் சடகோபன்.

“எனக்குச் சின்னதுதான் வோணும்ண்ணே.”

திருத்தணி ஸ்டேஷன் ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்தார் சடகோபன். உலகச் சண்டை முடிந்து, அரக்கோணத்து முகாமைக் காலி செய்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விற்றுவிட்டுப் போனதில் இரண்டு உகுலேலியும் வந்திருந்தன. பார்க்கக் கிடார் போட்ட குட்டி மாதிரி, நாலே நரம்பு. ஒன்று கொஞ்சம் பெரிசு, கும்மென்று பேசும். மற்றது முழத்துக்குச் சற்று மேல். கீச்சுக் குரல்.

அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிற எல்லப்பனுக்கு அந்த வாத்தியத்தின் பெயர்கூட வாயில் நுழையவில்லை. ஆனாலும் வாங்காமல் போவதில்லை என்று வந்திருந்தான். காரணம் சடகோபனுக்குத் தெரியும்.

டிசம்பர் முப்பத்தொன்று வந்தால் மலையில் படித் திருவிழா. கீழிருந்து உச்சி வரைக்கும் படிக்கு ஒரு பாட்டு பாடிக் கற்பூரம் காட்டிக்கொண்டே ஏறுவார்கள். ஒரே ஒரு படி நமக்கு விடுங்கள் என்று பஜனைக் கோஷ்டித் தலைவர் ஜெகநாதனிடம் போய் நின்றான் எல்லப்பன். சுருதி இல்லாமல் பாட்டு கிடையாது என்றார் அவர். கோஷ்டியின் ஆர்மோனியத்தைக் கேட்டான். கண்டவனுக்கெல்லாம் அதைத் தர முடியாது, சொந்தமாகச் சுருதி கொண்டுவா, பத்தாம் படி உனக்குத்தான் என்று நாலு பேர் எதிரில் சொல்லிச் சிரித்தார்.

அந்த நாலு பேரில் சடகோபனும் ஒருவர். அவரும் சிரித்தார். எல்லப்பன் பாடி யாரும் கேட்டதில்லை. பேசினாலே தறிக்கட்டை இடிக்கிற மாதிரி இருக்கும்.

சடகோபனுக்குக் கொஞ்சம் பிடில் பழக்கம் உண்டு. சின்னதையே எடுத்து மடியில் வைத்தார். “சரி, ஒரு அடி பாடு. உன் குரலுக்கு நரம்பைச் சேத்துத் தரேன்.”

“பாட்டு மலைக்குண்ணே. கடையில இன்னாத்துக்கு?”

“பின்னே எந்தச் சுருதின்னு நான் எப்படிக் கண்டேன்?”

“நீங்க ஏத்திகினே வாங்க. நான் சொல்றேன்.”

விரல் வைத்து வாசிக்கிற வித்தையெல்லாம் வேண்டாம், நாலும் ஒத்துப்போகிற மாதிரி கட்டிவிட்டால் போதும், மீட்டிக்கொண்டே இருப்பேன் என்றான். சடகோபன் முறுக்கினார். எல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“இன்னும்.”

முறுக்கினார்.

“இன்னும்.”

ஆண்பிள்ளை எட்டுகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. சடகோபனுக்கு எரிச்சல் வந்தது. நரம்பு அறுந்துவிடும் என்றார். அறுந்தால் வேறு கட்டுங்கள் என்றான்.

“இன்னும் ஒரு இழை ஏத்துங்க. ஆங். இங்கதான்.”

ஊசி முனையில் நிற்கிற மாதிரி நின்றது.

“இதுல நீ பாடினா குரவளை கிழிஞ்சுடும்டா. ஜெகநாதன் விழுந்து விழுந்து சிரிக்கப் போறாரு.”

“சிரிக்கட்டும். அவரு சிரிக்கிறதுக்கு நானா சுருதி கட்டணும்?”

துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். வீம்பு பிடித்தவன், பட்டால்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார் சடகோபன்.

திருவிழா அன்று காலையில் கடையைப் பூட்டிவிட்டு அவரும் மலையடிவாரத்துக்குப் போனார். சாமி கும்பிடத்தான் என்று வீட்டில் சொன்னார். வேடிக்கை பார்க்கத்தான் போனார்.

ஒன்பதாம் படிப் பாட்டு முடிந்ததும் கோஷ்டி பத்தாம் படியிலும் காலை வைத்தது. எல்லப்பன் குறுக்கே வந்து நின்றான். வழி விடச் சொன்னார்கள். அவன் அசையவில்லை.

“பத்தாம் படி என்னுதுன்னு தலைவரு சொன்னாரு. நாலு பேர் எதிர்ல சொன்னாரு. சுருதி கேட்டாரு, கொண்டாந்துட்டேன்.”

அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றார் ஜெகநாதன். எல்லப்பன் கூட்டத்தைப் பார்த்தான். அந்த நாலு பேரில் மூன்று பேர் மலையுச்சியைப் பார்த்தார்கள். சடகோபனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“சொன்னது நெசந்தான்,” என்றார், தன் வாய்தானா என்று தனக்கே சந்தேகமாக.

ஜெகநாதன் முகம் கறுத்தது. அந்தக் குட்டி வாத்தியத்தைப் பார்த்தார். வெள்ளைக்காரன் பொம்மையை முருகன் படியில் வைத்து மீட்டுவதா என்று அதட்டினார்.

“உங்க ஆர்மோனியம் மட்டும் வள்ளி கொண்டாந்த சீதனமா?” என்றான் எல்லப்பன்.

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை ஜெகநாதன் சிரிக்கவில்லை.

“சரி, பாடு. கழுதை கத்தறதையும் முருகன் ஒரு தடவை கேட்டுக்கட்டும்.”

“கழுதை பாடாதுங்க தலைவரே. சுமக்கும்.”

நரம்பை மீட்டிக்கொண்டே படியின் ஓரத்துக்கு நகர்ந்து நடுவில் இடம் விட்டான் எல்லப்பன்.

தாலியறுத்த நாளிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் எதிரே வரக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த அவன் மகள் வரலட்சுமி, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து, பொட்டில்லாத நெற்றியை நிமிர்த்தி, அந்தச் சுருதியிலேயே பாட ஆரம்பித்தாள்.